முதுமை மறதி: ஒரு நோயா, பல நோய்களா?



எங்கள் வீட்டில் நடந்த ஒரு திருட்டைச் சொல்லி இன்றைய உரையைத் தொடங்குகிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். அவருக்கு இரண்டு பவுனில் ஒரு சங்கிலி இருந்தது. ஒரு நாள் அது காணாமல் போயிற்று. அப்பாயி நேராக என் அம்மாவைக் காட்டி, "இவதான் எடுத்தா" என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதார், சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார். மறுநாள் சங்கிலி அரிசி டின்னுக்குள் கிடந்தது. "மாட்டிக்குவோம்னு பயந்து உள்ளே போட்டுட்டா" என்றார் அப்பாயி.

அதற்குப் பிறகு வெற்றிலைப் பெட்டியைக் காணவில்லை, சுருக்குப் பையைக் காணவில்லை, பத்து வெள்ளியைக் காணவில்லை. ஒவ்வொரு தடவையும் திருடி என் அம்மாதான். குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அத்தைமார் இருவரும் வந்துபோகும்போது தங்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்படி ஆறு ஆண்டுகள். கடைசிக் காலத்தில் தாம் பெற்ற மகனையே யாரென்று தெரியாமல் அப்பாயி கண்ணை மூடினார்.

நேயர்களே, அந்த ஆறு ஆண்டுகளில் அப்பாயி பொய் சொல்லவில்லை, அம்மாவும் திருடவில்லை. பொருளைப் பத்திரமாக ஒளித்துவைத்தவர் அப்பாயிதான். ஒளித்த இடம் மறந்தது, ஒளித்ததே மறந்தது. ஆனால் பொருள் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மனம் ஒரு காரணத்தைத் தேடுகிறது. பக்கத்தில் இருப்பவள் மருமகள். கூடவே இருந்து சோறு போடுகிறவர்மேல்தான் இந்தப் பழி விழும். இது ஒரு நோயின் குறி என்பது, நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து, தோட்டப் பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மருத்துவர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய் என்கிறோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் 'ஞாஞோக்' என்பார்கள். முன்பு தோட்டங்களில் கிராணிமார்களாக இருந்த யாழ்ப்பாணத்தவர்கள் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். நாம் 'வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். தலை நரைப்பதுபோல இதுவும் வயதானால் வரத்தான் செய்யும் என்பது நம் எண்ணம். அது சரியல்ல. எண்பத்தைந்து வயதிலும் யார் யாருக்கு எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று ஒப்பிக்கும் பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு நம் நாட்டுச் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேர் என்ற கணக்கில்தான் இந்நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு இல்லை. ஆகவே இது முதுமை அன்று. முதுமையில் வரும் நோய்.

இன்னொன்று, இது ஒரே நோயும் அன்று. காய்ச்சல் டெங்கியிலும் வரும், மலேரியாவிலும் வரும், சளியிலும் வரும். காய்ச்சல் என்ற பெயர் ஒன்று, காரணங்கள் பல, மருந்தும் வேறு வேறு. மறதி நோயும் அப்படித்தான். சில வகைகளுக்கு இன்றுவரை முழுக் குணம் கிடையாது. ஆனால் மறதி நோய் போலவே தோன்றும் வேறு சில கோளாறுகள் உண்டு. அவை ஓர் ஊசியாலோ, ஒரு மாத்திரையாலோ, ஓர் அறுவைச் சிகிச்சையாலோ சரியாகிவிடும். எது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வயதின்மேல் போட்டால், குணமாகக்கூடியவரையும் நாமே மூலையில் உட்கார வைத்தவர்களாவோம்.

முதலில் அதிகமாகக் காணப்படும் வகையைப் பார்ப்போம். அதற்கு அல்ஸைமர் நோய் என்று பெயர். மறதி நோய்க்காரர்களில் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் ஆறு அல்லது ஏழு பேருக்கு இதுதான்.

அல்ஸைமர் என்பவர் ஜெர்மன் மருத்துவர். 1901-ஆம் ஆண்டில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண்மணி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவுகுஸ்டெ டேட்டர் என்பது அவர் பெயர். பொருள்களை ஒளித்துவைப்பார், கணவர்மேல் சந்தேகப்படுவார், பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவார். 1906-இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை அல்ஸைமர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே கறைபோன்ற படிவுகளும், அணுக்களுக்கு உள்ளே முறுக்கிய நூல்போன்ற சிக்கல்களும் இருந்தன. அவை இரண்டும் புரதங்கள் என்பதும், முன்னது அமிலாய்டு, பின்னது டாவ் என்பதும் பிற்காலத்தில் தெரிந்தவை. மருமகளைத் திருடி என்ற என் அப்பாயியும், கணவரைச் சந்தேகித்த அந்த ஜெர்மன் அம்மையாரும் ஒரே பாதையில் போனவர்கள் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

நம் மூளைக்குள் கடற்குதிரையின் வடிவத்தில் சிறிய பகுதி ஒன்று இருக்கிறது. புதிதாகக் கேட்பதையும் பார்ப்பதையும் நினைவில் பதியவைக்க அது வேண்டும். அல்ஸைமர் நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கைவைக்கிறது. மரத்தில் கட்டியிருக்கும் மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மங்கு ஓட்டையாகிவிட்டால் இன்றைக்கு வடிகிற பால் மண்ணில் போய்விடும். ஆனால் போன வருஷம் அடித்து, புகைபோட்டு அடுக்கிய ஷீட் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் காலையில் சாப்பிட்டதை மறக்கும் பெரியவர், ஜப்பான்காரன் காலத்தில் தம் தகப்பனார் சொன்ன கதையைத் தேதி மாறாமல் சொல்கிறார். "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, இவருக்கு என்ன நோய்?" என்று கேட்காதீர்கள். அதுவே அந்நோயின் போக்கு. போகப் போக ஷீட் அடுக்கும் கரையும், அது பின்னால்.

சாதாரண மறதிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்பது வேறு. ஒருவர் பெயர் உடனே வாயில் வராமல், சற்றுப் பொறுத்து வந்துவிட்டால் கவலையில்லை. நாற்பது ஆண்டு நடந்த கோயில் பாதையில் வழி தெரியாமல் நிற்பதும், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் ஐந்து தடவை கேட்பதும், ரசம் வைக்க மறந்துபோவதும், கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாமல் போவதும் கவனிக்க வேண்டியவை.

இரண்டாவது வகை, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போவதால் வருவது. இதைப் பற்றி நம் மக்களிடம் எவ்வளவு சொன்னாலும் தகும். நம் நாட்டின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் அதிகம். இனிப்பு நீரும் உயர் ரத்த அழுத்தமும் குழாய்களை அரித்தும் தடிக்கவைத்தும் விடுகின்றன. எந்தப் பகுதிக்கு ரத்தம் போகவில்லையோ அந்தப் பகுதி மடிகிறது. கை, கால் விழுந்துவிடும் பெரிய வாதமாக வந்தால் ஊருக்கே தெரியும். ஆனால் வெளியே தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள் பல சேர்ந்தும் அறிவை மங்கவைக்கும். அல்ஸைமர் நோய் சரிவில் இறங்குவதுபோல மெல்ல இறங்கும். இது பல சமயம் படிக்கட்டில் இறங்குவதுபோல ஒரு நாள் திடீரென்று இறங்கி, சில மாதம் அப்படியே நின்று, மறுபடி ஒரு படி இறங்கும். மறதியைவிட யோசனை மந்தமாவதும், நடை தள்ளாடுவதும் முன்னால் தெரியலாம். வயதானவர்களுக்கு இதுவும் அல்ஸைமரும் சேர்ந்தே இருப்பதும் மிகுதி.

செத்த பகுதியை மீட்க முடியாது. அடுத்த படி இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். இங்கே எனக்கு ஒரு வருத்தம். "தலை சுத்தல, ஒண்ணும் செய்யல, அதனால மாத்திரையை விட்டுட்டேன்" என்று சொல்பவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அதன் குணமே. மாத்திரையை நிறுத்துவது மருத்துவர் வேலை, நம் வேலை அன்று.

மூன்றாவது வகையைக் கண்டு நம்மவர்கள் அதிகம் பயந்துவிடுகிறார்கள். இதில் அந்தப் பெரியவர் இல்லாத ஆளைப் பார்க்கிறார். "மூலையில ஒரு பிள்ளை நிக்குதே, அதுக்குச் சோறு போட்டியா?" என்று கேட்கிறார். பூனை ஓடுகிறது என்கிறார். தூக்கத்தில் கத்திக்கொண்டு கையைக் காலை வீசுகிறார். நடை சுருங்கி, உடம்பு விறைத்து, கை நடுங்கலாம். ஒரு நாள் தெளிவாகப் பேசுவார், மறுநாள் மந்தமாகக் கிடப்பார். இதற்கு லேவி மறதி நோய் என்று பெயர். ஃபிரெடெரிக் லேவி என்ற மருத்துவர் 1912-இல் நடுக்குவாத நோயாளிகளின் மூளையணுக்களில் கண்டு எழுதிய சிறு உருண்டைகளே இதிலும் காணப்படுகின்றன. முனி அடித்துவிட்டது என்று கோழி அறுப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. இல்லாததைப் பார்க்கிறார், கத்துகிறார் என்பதற்காக மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளை, ஹாலோபெரிடால் போன்றவற்றை, இவர்களுக்குக் கொடுத்தால் உடம்பு மரம்போல விறைத்து உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே, "இவர் ஆளைப் பார்க்கிறார், நடையும் கெட்டிருக்கிறது" என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

நான்காவது வகை மூளையின் முன்பகுதியையும் பக்கப் பகுதியையும் தாக்குவது. 1892-இல் பிராகு நகரத்து மருத்துவர் ஆர்னால்டு பிக் இதை முதலில் எழுதினார். பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் இடைப்பட்ட வயதில், அதாவது இன்னும் வேலை பார்க்கும் வயதிலேயே, வந்துவிடும். தொடக்கத்தில் மறதி இராது. குணம்தான் மாறும். மரியாதையான மனிதர் கூச்சமின்றிப் பேசுவார். பிள்ளை அழுதாலும் இரக்கப்பட மாட்டார். இனிப்பை அள்ளி அள்ளித் தின்பார். கடையில் காசு கொடுக்காமல் பொருளை எடுத்து வருவார். ஆள் கெட்டுப்போய்விட்டான் என்று ஊர் பேசும். இவ்வகை அதிகம் இல்லை என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

நேயர்களே, இனி மறதி நோய் வேடம் போட்டு வரும் கோளாறுகளுக்கு வருவோம். நான் இன்று பேச ஒத்துக்கொண்டதே இவற்றைச் சொல்லத்தான்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் குடியிருந்த ஒரு தாத்தா, ஆலையில் ஷீட் அடித்து ஓய்வுபெற்றவர், குளியலறையில் வழுக்கி விழுந்தார். நெற்றியில் ஒரு சிறு வீக்கம், தைலம் தேய்த்தார்கள், போயிற்று. மூன்று வாரம் கழித்து அவர் பேச்சுக் குழறியது, பகலெல்லாம் தூங்கினார், பேரப் பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். வீட்டில், "வயசாச்சு, இனி இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். விடுமுறைக்கு வந்த பேத்தி ஒருத்தி, தாதிப் பயிற்சி மாணவி, "தாத்தா போன மாசம் நல்லாத்தானே இருந்தாரு? ஒரு மாசத்துல இப்படி ஆகாதே" என்று அடம்பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் ரத்தம் மெல்லக் கசிந்து கட்டியிருந்தது. ஒரு துளை போட்டு எடுத்தார்கள். பத்து நாளில் தாத்தா வீட்டுக்கு நடந்து வந்து, எல்லாப் பிள்ளைகளையும் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதியவர்களுக்குச் சின்ன அடியிலும் இப்படி நேரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிதில் நேரும்.

தைராய்டு சுரப்பி குறைந்து வேலை செய்தால் மந்தமும் மறதியும் வரும், மாத்திரை உண்டு. வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும், ஊசி உண்டு. இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு இந்தப் பி12 குறையலாம். பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், போதும். மூளைக்குள் நீர் தேங்கி, கால் தரையோடு ஒட்டினாற்போல் நடந்து, சிறுநீரை அடக்க முடியாமல், மறதியும் சேர்ந்து வருவது ஒரு வகை. நீரை வடிக்கக் குழாய் வைத்தால் பலருக்கு நடை திரும்புகிறது. மனச்சோர்வும் முதியவர்களிடம் மறதியாகவே வெளிப்படும். கிழவர் இறந்தபின் கிழவி பேசாமல் உட்கார்ந்துவிட்டால் அது மறதி நோய்தான் என்று முடிவு கட்டக்கூடாது. நேற்று நன்றாக இருந்தவர் இன்று காலை திடீரென உளறினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ, சளிக் காய்ச்சலாகவோ, உடம்பில் நீர் வற்றியதாகவோ, புதிதாகச் சாப்பிட்ட மருந்தாகவோ, இனிப்பு நீர் மாத்திரையால் சர்க்கரை மிகவும் இறங்கியதாகவோ இருக்கலாம். அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். நாளை என்பது கிடையாது.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒரு பழைய கதை. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறு, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. ஓராண்டில் பச்சரிசி சாப்பிட்டவர்களில் பலருக்கு பெரிபெரி என்ற நோய் வந்து கால் வீங்கிற்று, சிலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக்காரர்களிடம் அது பரவவில்லை. அக்காலத்தில் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கில் மனிதரைக் கொன்ற பெரிபெரி, தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தொடாததற்குக் காரணமும் அதுவே. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துக்குப் பின்னால் வைட்டமின் பி1 என்று பெயர் வைத்தார்கள்.

புழுங்கல் அரிசி காப்பாற்றிய அதே சத்தைச் சம்சு பறித்துக்கொள்கிறது. நாள்தோறும் குடித்துச் சோறு தின்னாதவர் உடம்பில் பி1 வற்றிப்போகிறது. அப்போது கண் ஆடும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். வீட்டார் என்ன நினைப்பார்கள்? "இன்னிக்கும் குடிச்சிட்டுக் கிடக்கான்" என்று கதவைச் சாத்துவார்கள். உண்மையில் உடனே பி1 ஊசி போட வேண்டிய நேரம் அது. போட்டால் மீளலாம். விட்டுவிட்டால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நிலை தங்கிவிடும். நினைவில்லாத இடத்தை அவர் தாமே புனைந்த கதையால் நிரப்பிக்கொள்வார். பொய்யன் என்று பெயரும் கிடைக்கும். குடிக்காத நாளிலும் தள்ளாடுகிறார், கண் ஆடுகிறது என்றால் காத்திருக்காதீர்கள்.

சரி, எங்கே போவது? பக்கத்து அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கே முதலில் போகலாம். குடிமக்களுக்குச் சாதாரணக் கட்டணம் ஒரு வெள்ளிதான். போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென வந்ததா, விழுந்தாரா, குடிப்பாரா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார். நாட்டு மருந்து, கடையில் வாங்கிய தூக்க மாத்திரை, சளி மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூடவே இருக்கும் மருமகளை அழைத்துப் போங்கள். பட்டணத்தில் இருந்து வந்த மகனுக்கு ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேவையானால் பெரிய மருத்துவமனைக்கு ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.

சில கேள்விகளும் கேட்பார்கள். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல், இந்தப் படத்தை வரை என்றெல்லாம் இருக்கும். இங்கே ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தும், நம் பாட்டிமார் பலர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டும், மங்கு துடைத்துக்கொண்டும் வளர்ந்தவர்கள். பென்சிலே பிடிக்காதவரிடம் படம் வரையச் சொன்னால் நோய் இல்லாவிட்டாலும் தோற்பார். "பாட்டி பள்ளிக்கூடம் போகாதவங்க, தமிழ்தான் தெரியும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்தறியாதவர்களுக்கென்று தயாரித்த வேறு கேள்விகள் இருக்கின்றன. ஆங்கிலத் தேதி தெரியாத பாட்டி, தைப்பூசம் போய் எத்தனை நாளாயிற்று என்பதைச் சரியாகச் சொல்வார்.

படிப்புக்கும் இந்நோய்க்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 2024-ஆம் ஆண்டு உலக நிபுணர்கள் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை பதினான்கு காரணங்களைக் குறிப்பிட்டு, அவற்றைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பட்டியலில் சிறு வயதில் படிப்புக் குறைவு இருக்கிறது. காது கேளாமை, ரத்த அழுத்தம், இனிப்பு நீர், புகை, மது, தலைக் காயம், தனிமை ஆகியவையும் இருக்கின்றன. ஆகவே பேத்தியைப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புவதும் எழுபது ஆண்டு கழித்து அவளுக்கு வரக்கூடிய நோய்க்கு இன்றே செய்யும் வைத்தியம். தாத்தாவுக்குக் காது கேட்கவில்லையென்றால் காதுக் கருவிக்கு வழி தேடுவதும் அப்படியே.

மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அல்ஸைமரில், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் அசெட்டைல்கோலின் என்ற பொருள் குறைகிறது. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலண்டமின் ஆகியவை இருப்பதைச் சீக்கிரம் அழியாமல் காக்கின்றன. மெமன்டின் வேறு வழியில் வேலை செய்வது. நோய் முற்றியபின் கொடுப்பார்கள். லேவி வகைக்கும் முதல் மூன்றில் சில உதவுகின்றன. இவை நோயை நிறுத்துபவை அல்ல. சிலருக்குச் சிறிது காலம் தெளிவைத் தருபவை. வயிற்றைப் புரட்டலாம், நாடித் துடிப்பைக் குறைக்கலாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அமிலாய்டு படிவையே அகற்றும் லெக்கனெமாப் மருந்தை 2023-இலும், டொனனெமாப் மருந்தை 2024-இலும் அமெரிக்கா அனுமதித்தது. நோயின் தொடக்கத்தில் இருக்கும் அல்ஸைமர்காரர்களுக்கு மட்டுமே அவை. நோயைச் சற்று மெதுவாக்குகின்றன. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். விலையும் மிக அதிகம். மறதியைப் போக்கும் லேகியம் என்று சந்தையில் விற்கும் புட்டிகளுக்குக் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

மருந்தைவிடப் பெரிய பங்கு வீட்டாருடையது. தோட்டம் வீட்டுமனைக்குக் கைமாறியபின் மகனோடு தாமானில் குடியேறிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். புதிய இடம், எல்லா வீடும் ஒன்றுபோல. நோய் அங்கே வந்தபின்தான் வெளியில் தெரிந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு மணி அடிச்சாச்சு, உளி எங்கே? தண்டல் திட்டுவாரு" என்று கதவைத் தள்ளுவார். மருமகள் முதலில், "மாமா, நீங்க வேலையை விட்டு இருபது வருஷமாச்சு" என்று சொல்லிப் பார்த்தார். தினமும் சண்டை, ஒரு நாள் பெரியவர் கையை ஓங்கிவிட்டார். பிறகு அந்த அம்மாளே ஒரு வழி கண்டார். "மாமா, வெளியே மழை. மரமெல்லாம் ஈரம், இன்னிக்கு வெட்டு இல்லையாம். காப்பி குடிச்சிட்டுப் படுங்க." பெரியவர் ஒரு நிமிடம் யோசிப்பார். ஈர மரத்தை வெட்டக்கூடாது என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். இது பொய்யாயிற்றே என்று சிலர் கேட்கலாம். எனக்கு அது பொய்யாகப் படவில்லை.

வழி தவறிப் போகிறவர் சட்டைப் பையில் மகனின் தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள். கத்தி, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, அடுப்பு எல்லாம் பத்திரம். பொருள் காணவில்லை என்றால் வாதாடாமல் கூடச் சேர்ந்து தேடுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு வேண்டும். அதை மற்றப் பிள்ளைகள் முறைபோட்டுக் கொடுக்க வேண்டும், புத்திமதியை அல்ல. பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்ஸைமர் நோய் அறக்கட்டளை இருக்கிறது. குடும்பத்தாருக்கு வழி சொல்கிறார்கள்.

என் அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. இந்நோயைப் பற்றி நான் படித்தறிந்த ஆண்டில் ஒரு மாலை அவரிடம் உட்கார்ந்து, அப்பாயிக்கு இருந்தது ஒரு நோய், அப்பாயி வேண்டுமென்று சொல்லவில்லை, உங்கள்மேல் குற்றமும் இல்லை என்று விளக்கினேன். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. கடைசியில், "எனக்குத் தெரியும் தம்பி, நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? உன் அத்தைமாருக்கு இதை யாரு சொல்றது?" என்று கேட்டார்.

பெரிய அத்தை அதற்குள் இறந்துவிட்டார். சின்ன அத்தைக்கு அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் வந்திருந்தார். தம் கைப்பையை அம்மாவிடம் கொடுத்து, "அண்ணி, இதைக் கொஞ்சம் உள்ளே வைங்க" என்றார்.